தோட்டத்துக்குள் எதற்குத் திரை?

வேலிப்பருத்தி:
நியூயார்க்கில், மன்ஹாட்டனின் கிழக்கு ஹூஸ்டன் தெருவில், 'லெ பெட்டி வெர்சாய்' என்று ஒரு குட்டித் தோட்டம் இருக்கிறது. ஒரு காலத்தில் கார்களைப் பிரித்துப் போட்ட இடம். பீட்டர் கிரேமர், ஜாக் வாட்டர்ஸ் என்ற இரண்டு கலைஞர்கள் 1996இல் அதைச் சுத்தம் செய்து தோட்டமாக்கினார்கள். இருவரும் நடனக்காரர்கள், படம் எடுப்பவர்கள். எண்பதுகளில் அதே வட்டாரத்தில் 'ஏபிசி நோ ரியோ' என்ற கலைக்கூடத்தைப் பொறுப்பேற்று நடத்தியவர்கள். நிலம் நகராட்சியுடையது, பொதுத்தோட்டங்களைக் கவனிக்கும் பூங்காத் துறையின் 'கிரீன்தம்ப்' திட்டத்தில் வருகிறது. கோடை வந்தால் செடிகளுக்கு நடுவில் திரை கட்டிப் படம் போடுகிறார்கள். ஆட்டம், இசை, கவிதை என்று குளிர் தொடங்கும் வரை ஏதாவது நடந்துகொண்டே இருக்கும்.

நகரத்துப் பொதுத்தோட்டம் இப்படித்தான் இருக்க வேண்டும் என்பது என் கட்சி. நாலு பேர் சாவியை வைத்துக்கொண்டு நாலு பாத்தி போட்டால் அது அவர்கள் வீட்டுக் கொல்லை. தெருவில் போகிறவர் உள்ளே வர ஒரு காரணம் வேண்டும். மறுப்பவர்கள் வாருங்கள்.

கரிசல்காட்டான்:
மறுக்கிறேன். அதே ஹூஸ்டன் தெருவின் மேற்குப் பக்கம் ஃபிலிம் ஃபோரம், ஏஞ்சலிகா என்று நல்ல படம் போடும் அரங்குகளே இருக்கின்றன. அந்த ஊரில் பஞ்சம் திரைக்கு இல்லை, மண்ணுக்குத்தான். நாற்காலி போட்டு ஐம்பது பேர் உட்கார்ந்து எழுந்தால் மண் இறுகிவிடும். மழை பெய்தால் தண்ணீர் உள்ளே இறங்காமல் மேலேயே நிற்கும். அப்புறம் மட்கு போட்டுக் கிளறி, மூடாக்கு போட்டு, அது மறுபடி பொலபொலவென்று வர ஒரு பருவத்துக்கு மேல் ஆகும். விவசாயம் பார்ப்பவன் என்பதால் சொல்கிறேன். வெயில் விழும் இடமெல்லாம் தக்காளியும் கீரையும் வரட்டும், அதை அக்கம்பக்கத்தவர் பறித்துப் போகட்டும். பொதுநிலத்துக்கு அதைவிடப் பெரிய பயன் எனக்குத் தெரியவில்லை.

சாமந்தி:
நான் நியூயார்க்கில்தான் இருக்கிறேன். நீங்கள் சொல்லும் தோட்டம் இல்லை, வேறொன்று, எங்கள் படுக்கையறை ஜன்னலுக்குக் கீழேயே. ஜூன் மாதத்தில் இங்கே சூரியன் மறையவே எட்டரை மணி ஆகிறது. இருட்டினால்தானே படம் தெரியும்? ஒன்பதுக்கு மேல் தொடங்கி, முடிந்து, இயக்குநருடன் கலந்துரையாடல் நடந்து, நாற்காலி மடக்கும் சத்தம் ஓயும்போது பதினொன்றரை. காலையில் குழந்தையைப் பள்ளிக்குக் கிளப்ப வேண்டும். கலைக்கு நான் எதிரியில்லை. ஆனால் 'பொது' என்று சொல்லும்போது ஜன்னலுக்கு உள்ளே இருப்பவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வேலிப்பருத்தி:
சாமந்தி அக்கா, நேரத்தைப் பற்றி நீங்கள் சொல்வதில் எனக்கு மறுப்பே இல்லை. ஒலிபெருக்கி வைக்க அங்கே காவல் நிலைய அனுமதி வேண்டும், அதில் நேரமும் குறித்துத்தான் தருகிறார்கள். அதை மீறினால் தட்டிக்கேட்கத்தான் வேண்டும்.

கரிசல் அண்ணனுக்குப் பதில். கார் பிரித்துப்போட்ட மண்ணில் வளர்ந்த கீரையை யார் வீட்டுக்குக் கொண்டுபோவது? அந்த ஊரின் பழைய மனைகளில் ஈயம் பெரிய தொல்லை. இடித்த கட்டடங்களின் பெயின்டிலிருந்தும் பழைய பெட்ரோல் புகையிலிருந்தும் வந்து மண்ணில் தங்கியது. அதனால்தான் பல தோட்டங்களில் மரச்சட்டம் அடித்து, வெளியிலிருந்து நல்ல மண் கொண்டுவந்து கொட்டிக் காய் போடுகிறார்கள். ஆகவே எல்லாத் தோட்டமும் காய்கறித் தோட்டமாக முடியாது.

பெரிய காரணம் வேறு. 1998இல் மேயர் ஜூலியானியின் நிர்வாகம் நூற்றுக்கணக்கான தோட்டங்களை வீட்டுவசதித் துறைக்கு மாற்றியது. காகிதத்தில் அவையெல்லாம் காலிமனை. 1999இல் 114 தோட்டங்களை ஏலம் விடத் தேதியும் குறித்தார்கள். ஏலத்துக்கு முந்தைய நாள், நடிகை பெட் மிட்லர் தொடங்கிய அமைப்பும் 'டிரஸ்ட் ஃபார் பப்ளிக் லேண்ட்' அமைப்பும் சேர்ந்து சுமார் 42 லட்சம் டாலருக்கு அவற்றை வாங்கிக் காப்பாற்றின. அந்தப் பணம் திடீரென்று வந்ததா? ஃபெலிசியா யங் என்ற கலைஞர் 1991 முதல் ஆண்டுதோறும் பெரிய பெரிய பொம்மைகளோடும் வேடங்களோடும் தோட்டம் தோட்டமாக வசந்தகால ஊர்வலம் நடத்தியிருந்தார். சூரியகாந்தி வேடத்தில் ஒருவர் எதிர்ப்பாக நகர மன்றப் பூங்காவின் மரத்தில் ஏறி உட்கார்ந்தார். காலிமனை என்று எழுதிய காகிதத்தை எதிர்க்க, அங்கே ஆள் இருக்கிறது என்று ஊருக்குக் காட்ட வேண்டியிருந்தது. தக்காளி அதைக் காட்டாது.

கணக்கன்:
ஊர்வலம் போனவர்களுக்கெல்லாம் இருக்க வீடு இருந்தது. இல்லாதவரைப் பற்றி யார் பேசுவது? ஆடம் பர்ப்பிள் என்பவர் வட்ட வட்டமாக அமைத்த 'கார்டன் ஆஃப் ஈடன்' 1986 ஜனவரியில் இடிக்கப்பட்டது. குறைந்த வருமானக்காரர்களுக்கு வீடு கட்டத்தான். இன்றைக்கு வாருங்கள். அதே மன்ஹாட்டனின் எலிசபெத் தெருத் தோட்டத்தில் முதியோருக்கென 123 குறைந்த வாடகை வீடுகள் கட்ட நகராட்சி பல ஆண்டுகளாகத் திட்டமிட்டது. நடிகர் ராபர்ட் டி நீரோ, இயக்குநர் மார்ட்டின் ஸ்கோர்செஸி, பாடகி பாட்டி ஸ்மித் எல்லாம் தோட்டத்துக்காகக் கடிதம் எழுதினார்கள். 2025 ஜூனில் திட்டத்தை அன்றைய மேயர் கைவிட்டார். அந்த 123 முதியவர்களுக்காகக் கடிதம் எழுத ஒரு திரைப்பட இயக்குநர் இல்லை. கேமராவும் நிகழ்ச்சியும் கைவசம் உள்ளவர் பக்கம்தான் முடிவு சாயும் என்றால், அந்தக் கலை எனக்கு வேண்டாம்.

தாழ்வாரம்:
இரண்டு தரப்பும் ஒன்றை விட்டுவிட்டீர்கள். மன்ஹாட்டனின் அந்தக் கீழ்க்கிழக்குப் பகுதியில் (லோயர் ஈஸ்ட் சைட்) எரிந்தும் இடிந்தும் கிடந்த மனைகளில் குப்பை அள்ளிச் செடி வைத்தவர்களில் பெரும்பகுதி புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து வந்த குடும்பங்கள். தோட்டத்துக்குள் 'காசிட்டா' என்று மரத்தில் சின்ன வீடு கட்டி, சாயங்காலம் டோமினோ ஆடி, கொட்டு அடித்துப் பாடி, விசேஷ நாளில் எல்லாருக்கும் சமைத்துப் போட்டவர்கள். 1973இல் ஓவியர் லிஸ் கிறிஸ்டி காலிமனை வேலிக்கு மேலே விதைக்குண்டு (விதை அடைத்த உருண்டை) வீசியதும், ஹூஸ்டன், பவரி தெருக்கள் சந்திக்கும் முனையில் முதல் தோட்டம் போட்டதும் எல்லா வரலாற்றிலும் இருக்கிறது. அடுத்த சந்தில் சோளம் நட்ட பாட்டியைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். படம் எடுக்கத் தெரிந்தவர் வந்த இடத்தில் அவர் பெயர்தான் நிற்கும். என் எதிர்ப்பு அதற்கு.

வேலிப்பருத்தி:
தாழ்வாரம், பாட்டியின் பெயர் வர வேண்டும் என்பதில் நானும் உங்கள் பக்கம். ஆனால் நீங்கள் சொன்னது என் வாதத்துக்குத்தான் பலம் சேர்க்கிறது. டோமினோவும் கொட்டும் பாட்டும் சமையலும் பொதுநிகழ்ச்சி இல்லாமல் வேறென்ன? கலைஞர்கள் வருமுன்பே அந்தத் தோட்டங்கள் கூடுமிடங்கள்தான். விளைச்சலுக்கு மட்டும் என்று அங்கே யாரும் தோட்டம் போட்டதில்லை.

இன்னொன்று, கிழக்கு 7ஆம் தெருவின் எஸ்பெரான்சா தோட்டம். எழுபதுகளில் ஒரு புவேர்ட்டோ ரிக்கோ குடும்பம் தொடங்கியது. இடிக்க வருகிறார்கள் என்று தெரிந்ததும் அவர்கள் தீவின் கோக்கி தவளையைப் பிரம்மாண்டமாகச் செய்து தெருவைப் பார்க்க நிறுத்தினார்கள். குளிர்காலம். தவளைக்குள்ளேயே படுத்து, முறை வைத்து இரவுக் காவல் இருந்தார்கள். 2000 பிப்ரவரி 15 அன்று புல்டோசர் வந்தது. சங்கிலியால் தங்களைக் கட்டிக்கொண்டவர்களை அறுத்து எடுத்துக் கைது செய்தார்கள். தோட்டங்களைத் தொடக்கூடாது என்ற நீதிமன்றத் தடை அதே நாளில் வந்தது, தோட்டம் போன பிறகு. கணக்கன் கவனிக்க: அங்கே எழுந்த கட்டடத்தில் ஐந்தில் ஒரு பங்கு வீடுகள்தான் குறைந்த வாடகைக்கு. மீதியெல்லாம் சந்தை விலை.

கணக்கன்:
ஐந்தில் ஒரு பங்கும் ஒரு பங்குதான். அந்த வீடுகளில் குடியிருப்பவர்களிடம் போய் வேண்டாம் என்று சொல்லச் சொல்லுங்கள். எலிசபெத் தெருவுக்கு நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை.

வேலிப்பருத்தி:
சொல்கிறேன். அதையும் இதையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். எலிசபெத் தெரு மனையை 1991இல் ஒரு கலைக்கூட உரிமையாளர் நகராட்சியிடம் குத்தகைக்கு எடுத்துச் சிலைகளை வைத்தார். பல ஆண்டுகள் அவர் கலைக்கூடத்தின் வழியாகத்தான் உள்ளே போக முடிந்தது. வீடு கட்டும் பேச்சு வந்த பிறகுதான் தெருக்கதவு திறந்தது. அங்கே வீடு கட்டியிருக்கலாம் என்று நானும் சொல்வேன். கிரீன்தம்ப் தோட்டங்களுக்கு விதி வேறு. வாரத்தில் இத்தனை மணி நேரம் கதவைத் திறந்து வைக்க வேண்டும், நேரத்தை வாசலில் எழுதித் தொங்கவிட வேண்டும், இலவசப் பொதுநிகழ்ச்சியும் நடத்த வேண்டும். திரை கட்டுவது அந்தக் கடமைக்கு உட்பட்டது.

கரிசல்காட்டான்:
விதியில் நிகழ்ச்சி என்றுதானே இருக்கிறது, சினிமா என்று இல்லையே. நாற்று விடுவது, மட்கு போடுவது, விதை மாற்றிக்கொள்வது எல்லாம் பகலிலேயே நடத்தக்கூடிய நிகழ்ச்சிகள். சாமந்தியின் குழந்தையும் தூங்கும், மண்ணும் மிதிபடாது. ஈயம் இருக்கும் மண்ணில் காய் வேண்டாம், சரி; பூவும் மரமும் வையுங்கள். இரவில் திரை வெளிச்சத்துக்கு விட்டில் அத்தனையும் வந்து மோதும். செடிக்கும் பூச்சிக்கும் இருட்டு வேண்டும்.

சாமந்தி:
வேலிப்பருத்தி தம்பி, விதி வாசலில் தொங்குகிறது என்கிறீர்கள். எங்கள் தெருத் தோட்டத்திலும் தொங்குகிறது. நிகழ்ச்சிப் பட்டியல் போடும் கூட்டத்துக்கு மட்டும் அக்கம்பக்கத்தவரை யாரும் கூப்பிட்டதில்லை. எந்தப் படம், எந்த நாள், எத்தனை மணிக்குள் முடிப்பது என்று முடிவு செய்யும்போது எங்களுக்கும் ஒரு நாற்காலி போடட்டும். செப்டம்பர் கடைசியில் ஏழேகால் மணிக்கே இருட்டிவிடுகிறது. படத்தை அதற்குத் தள்ளிவைத்தால் குழந்தையோடு நானும் வந்து உட்காருவேன்.