கர்னல் நிரலுக்கு யூனிட் டெஸ்ட் எழுதியபோது: உங்கள் அனுபவம் என்ன?

பேட்டரி டிரைவர் எழுதுபவர்

இயங்குதளத்தின் மையமான லினக்ஸ் கர்னலில், பேட்டரியை அளக்கும் சிப் ஒன்றுக்கு டிரைவர், அதாவது அந்த வன்பொருளை இயக்கும் நிரல், எழுதினேன். மின்னோட்டத்தை அந்த சிப் 16 பிட் எண்ணாகத் தரும். அந்த எண்ணின் ஒவ்வொரு அலகும் 156.25 மைக்ரோஆம்பியர். அதை மாற்றிச் சொல்லும் ஃபங்ஷன் மொத்தமே பதினைந்து வரிதான். கம்பைல் செய்வேன், போர்டில் ஏற்றுவேன், ரீபூட் ஆகும் வரை காத்திருப்பேன், பதிவைப் படிப்பேன். ஒரு சுற்று முடிய ஏழெட்டு நிமிடம் ஆகும். ஒரு ஆம்பியரில் சார்ஜ் செய்து பார்த்தேன். மல்டிமீட்டர் காட்டியதும் டிரைவர் சொன்னதும் ஒத்துப்போயின. வேலை முடிந்தது என்று நம்பினேன்.

பிறகு வேறொரு காரணத்துக்காகக் கேயூனிட் பழக நேர்ந்தது. லினக்ஸ் 5.5 பதிப்பிலிருந்து, அதாவது 2020 ஜனவரியிலிருந்து, கர்னலுடனேயே வரும், நிரலின் சிறு பகுதிகளைத் தனித்தனியாகச் சோதிக்கும் யூனிட் டெஸ்ட் கட்டமைப்பு அது. தனியாக எதுவும் சொல்லாவிட்டால் யூசர் மோடு லினக்ஸில் ஓடும். அதில் முழுக் கர்னலும் நம் கணினியில் ஒரு சாதாரண நிரலைப் போலத் தொடங்கி, சோதனைகளை ஓட்டிவிட்டு நின்றுவிடும். போர்டு வேண்டாம், ரீபூட் வேண்டாம். ஒருமுறை கம்பைல் செய்துவிட்டால் அடுத்தடுத்த சுற்றுகள் சில நொடிகளில் முடிகின்றன.

ஆனால் என் ஃபங்ஷனை அப்படியே சோதிக்க வழியில்லை. சிப்பை இணைக்கும் ஐ2சி கம்பிகள் வழியாக எண்ணை வாங்குவதும் அதுவே, கணக்குப் போடுவதும் அதுவே. இரண்டாகப் பிரித்தேன். கணக்குப் போடும் பகுதிக்கு 0, 1, 32767, 32768, 65535 ஆகிய ஐந்து எண்களைக் கொடுத்தேன். மூன்று தோற்றன.

65535 என்பது அந்த சிப்பின் மொழியில் −1, அதாவது பேட்டரியிலிருந்து மின்சாரம் வெளியே போகிறது என்று பொருள். நான் குறியில்லாத எண்ணாக வாங்கியிருந்ததால் சார்ஜ் ஆவதாகச் சொன்னது. 32768-உம் அதே கதைதான். 32767 தோற்றதற்குக் காரணம் வேறு. பின்னத்தைத் தவிர்க்க நானோஆம்பியரில் பெருக்கியிருந்தேன். 32767-ஐ 1,56,250-ஆல் பெருக்கினால் 511 கோடியைத் தாண்டுகிறது. 32 பிட் முழு எண்ணில் 214 கோடிக்கு மேல் இடமில்லை. திருப்பிக் கணக்கிட்டுப் பார்த்தேன்: மின்னோட்டம் ஏறக்குறைய 2.15 ஆம்பியரைத் தாண்டியதுமே விடை தவறிவிடும். மேசையில் ஒரு ஆம்பியரில் எத்தனை நாள் பார்த்திருந்தாலும் இது என் கண்ணில் பட்டிருக்காது.

அன்றிலிருந்து வன்பொருளைத் தொடும் வரிகளையும் கணக்கு வரிகளையும் ஒரே ஃபங்ஷனில் எழுதுவதில்லை. மற்றவர்களும் தங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்.

நெட்வொர்க் டிரைவர் பக்கம் இருப்பவர்

எனக்கு நேர்ந்தது இதற்கு நேர் எதிரானது. எல்லாச் சோதனைகளும் தேறின, கணினி உறைந்து நின்றது.

பாக்கெட் வரிசை ஒன்றைப் பராமரிக்கும் ஃபங்ஷன். உள்ளே நினைவகம் கேட்கும் இடத்தில் ஜிஎஃப்பி_கர்னல் என்று எழுதியிருந்தேன். நினைவகம் தட்டுப்பாடானால் நிரல் காத்திருக்கலாம், அதாவது உறங்கலாம் என்று அதற்குப் பொருள். கேயூனிட் ஒவ்வொரு சோதனையையும் தனி கர்னல் த்ரெட்டில், அதாவது தனியே ஓடும் ஒரு வேலை இழையில் ஓட்டுகிறது. அங்கே உறங்குவது குற்றமில்லை, அதனால் சோதனை தேறியது. நடைமுறையிலோ அந்த ஃபங்ஷனை, வன்பொருள் குறுக்கிட்டு அழைக்கும் இன்டரப்டைக் கையாளும் நிரல் அழைக்கிறது, அதுவும் ஸ்பின்லாக் என்னும் பூட்டைப் பிடித்துக்கொண்டு. அங்கே உறங்கவே கூடாது. நினைவகம் தாராளமாக இருந்த வரை பிழை வெளியே வரவில்லை. சுமை ஏறிய ஒரு நாளில் வந்தது.

இப்போது சோதனைக்குள்ளேயே ஸ்பின்லாக்கைப் பிடித்துக்கொண்டுதான் அந்த ஃபங்ஷனை அழைக்கிறேன். கூடவே, உறங்கக் கூடாத இடத்தில் உறங்கினால் எச்சரிக்கும் டீபக்_அட்டாமிக்_ஸ்லீப் அமைப்பையும் கர்னலில் போட்டுக்கொள்கிறேன். அன்று நான் வைத்திருந்த பதிப்பில் யூசர் மோடு லினக்ஸுக்கு அந்த அமைப்பு கிடைக்கவில்லை. வழக்கமான கணினிகளுக்குரிய எக்ஸ்86 கர்னலாக, கணினியைப் பாவனை செய்யும் கியூஎமுவில்தான் ஓட்ட வேண்டியிருந்தது. இதில் முக்கியமான ஒன்று: எச்சரிக்கை பதிவில் அச்சாகும், ஆனால் சோதனை தேறியதாகவே முடிவு வரும். முடிவு வரியை மட்டும் பார்ப்பவருக்கு ஒன்றும் தெரியாது. முழுப் பதிவிலும் அந்த எச்சரிக்கையைத் தேடும் ஒரு சிறு ஸ்கிரிப்டை எங்கள் குழுவில் கட்டாயமாக்கியிருக்கிறோம்.

டைமர் பிழையில் மாட்டியவர்

சுருக்கமாகச் சொல்கிறேன். 32 பிட் கருவி ஒன்று ஐம்பதாம் நாளில் காலாவதிக் கணக்கைத் தவறவிட்டது. நொடிக்கு 1000 முறை ஏறும் ஜிஃபீஸ் என்ற கர்னலின் நேர எண்ணி 49.7 நாளில் நிரம்பி மீண்டும் பூஜ்யத்துக்கு வரும். நான், எண்ணி நிரம்புவதையும் கணக்கில் கொண்டு ஒப்பிடும் டைம்_ஆஃப்டர் மேக்ரோவைப் பயன்படுத்தாமல் நேரடியாகப் பெரிது, சிறிது என்று ஒப்பிட்டிருந்தேன்.

இப்படிப்பட்ட பிழைகள் சீக்கிரம் வெளியே வரட்டும் என்றே கர்னல் அந்த எண்ணியைப் பூஜ்யத்தில் தொடங்குவதில்லை, ரீபூட் ஆன ஐந்தாம் நிமிடத்தில் நிரம்பும்படி தொடங்குகிறது. எவ்வளவு அக்கறையான ஏற்பாடு! என் நிரல் பத்து நிமிடம் கழித்தே வேலையைத் தொடங்கியதால் அந்த வலைக்குத் தப்பிவிட்டது. இப்போது என் ஃபங்ஷன் நேரத்தைத் தானாகப் படிப்பதில்லை, 'இப்போது' என்பதை அழைப்பவரிடமிருந்து வாங்கிக்கொள்கிறது. சோதனையில் எண்ணி நிரம்புவதற்கு ஒரு துடிப்பு முன்பும் ஒரு துடிப்பு பின்பும் கொடுத்துப் பார்க்கிறேன். 49 நாள் காத்திருக்க வேண்டிய விஷயம் ஒரு நொடிக்குள் தெரிந்துவிடுகிறது.

கோப்பு முறைமை ஆர்வலர்

புதிதாக எழுதத் தொடங்குபவர்கள் ஈஎக்ஸ்டி4 கோப்பு முறைமையின் நேர முத்திரைச் சோதனையைப் படிக்க வேண்டும். கேயூனிட்டோடு சேர்ந்து 5.5-இலேயே வந்தது. 32 பிட் நொடிக் கணக்கோடு கூடுதலாக இரண்டு பிட் சேர்த்து 1901 முதல் 2446 வரை நேரத்தைக் குறிக்கும் முறை அது. சோதனை முழுக்க ஓர் அட்டவணைதான்: இந்த பிட்கள் இருந்தால் இந்தத் தேதி. எதிர்பார்க்கும் விடையை நிரலே கணக்கிடுவதில்லை, மனிதர் எழுதி வைத்திருக்கிறார். என் முதல் சோதனைகளில், சோதிக்கப்படும் ஃபங்ஷனின் சூத்திரத்தையே மறுபடி எழுதி ஒப்பிட்டிருந்தேன். சூத்திரம் தவறு என்றால் இரண்டு பக்கமும் சேர்ந்து தவறும். அப்படித்தான் தவறின.

இன்னொன்று. வட்டின் தலைப்பைப் படிக்கும் என் நிரலில் ஓரிடத்தில் பைட் வரிசையை மாற்ற மறந்திருந்தேன். எக்ஸ்86 கணினியில் அது தெரியவே தெரியாது. கேயூனிட் கருவியில் கணினி வகையை எஸ்390 (ஐபிஎம் பெருங்கணினி வகை) என்று மாற்றிக் கியூஎமுவில் ஓட்டினேன். அங்கே பெரிய பைட் முதலில் வரும். அதே சோதனை உடனே விழுந்தது. ஒரு சொல்லை மாற்றி ஓட்டுவதற்குக் கிடைத்த இந்தப் பலனை நான் மறக்க மாட்டேன்.

பேட்ச் பரிசீலிப்பவர்

முதலில் எழுதிய நண்பரின் முறையோடு முழுமையாக உடன்படுகிறேன். ஆனால் நான் பார்க்கும் பல பேட்ச்களில், அதாவது கர்னலில் சேர்க்க அனுப்பப்படும் திருத்தங்களில், வேறொன்று நடக்கிறது. போலி வன்பொருள் ஒன்றை எழுதி, டிரைவர் சிப்பின் எந்த ரெஜிஸ்டரில் (உள் நினைவுக் கட்டத்தில்) எந்த வரிசையில் எழுதுகிறது என்று வரிக்கு வரி சரிபார்க்கிறார்கள். அது நிரலின் நகல்தான். உண்மையான சிப் அந்த வரிசையை ஏற்குமா என்று அது சொல்லாது, யாராவது நிரலைச் செம்மைப்படுத்தினால் மட்டும் உடையும். அப்படிப்பட்ட சோதனைகளை நீக்கச் சொல்லியிருக்கிறேன், எழுதியவர் வருத்தப்பட்டபோதும். ரெஜிஸ்டர் வரிசை சரியா என்பதை போர்டுதான் சொல்ல வேண்டும்.

பேட்டரி டிரைவர் எழுதுபவர்

ஐயா, நீங்கள் சொல்வதைப் படித்ததும் என் சோதனைக் கோப்பைத் திறந்து பார்த்தேன். போலி ஐ2சி வைத்து எழுதிய நான்கு சோதனைகளில் மூன்று நீங்கள் சொன்ன வகைதான், நீக்கிவிட்டேன். நான்காவது, சிப் பதில் தராமல் பிழை திரும்பும்போது பழைய அளவைப் புதியது போலக் காட்டாமல் அந்தப் பிழையை மேலே அனுப்புகிறதா என்று பார்ப்பது. வேலை செய்யும் போர்டில் அந்த நிலையை வரவழைக்க ஒவ்வொரு முறையும் கம்பியைப் பிடுங்க வேண்டும். அதை மட்டும் வைத்துக்கொள்கிறேன்.