சனிக்கிழமை சம்பளம், வியாழக்கிழமை கைமாத்து

திருப்பூரிலிருந்து, பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை

எங்களுக்கு வாரச் சம்பளம். சனிக்கிழமை சாயங்காலம் கைக்கு வரும். ஒன்றரை ஷிப்ட் ஓடுகிற வாரம் பரவாயில்லை, ஆர்டர் இல்லாவிட்டால் மூன்று நாள்தான் வேலை. மூன்று வருஷமாக வியாழக்கிழமை ஆனால் பக்கத்து வீட்டு அக்காவிடம் 500 ரூபாய் கைமாத்து வாங்குவேன். சனிக்கிழமை திருப்பிக் கொடுப்பேன், அடுத்த வியாழன் மறுபடி போய் நிற்பேன். அந்த அக்கா ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. எனக்குத்தான் அவர் வாசல் படியைப் பார்த்தாலே கூசும்.

எல்லோரும் "செலவை எழுதிவை" என்பார்கள். எழுதி என்ன ஆகப் போகிறது என்று நினைத்தேன். ஒரு மாதம் மகனுடைய பழைய கணக்கு நோட்டில் எழுதிப் பார்த்தபோதுதான் ஒரு விஷயம் பிடிபட்டது. நாங்கள் அதிகமாகச் சாப்பிடவில்லை, கொஞ்சம் கொஞ்சமாக வாங்குவதால்தான் அதிகமாகக் கொடுக்கிறோம். உளுந்து நூறு கிராம் 16 ரூபாய். அதே கடையில் கிலோ 130. நூறு நூறாக வாங்கி ஒரு கிலோ தீர்க்கும்போது 30 ரூபாய் கூடுதலாகப் போயிருக்கும். எண்ணெய், சோப்புத்தூள், புளி எல்லாம் இதே கதைதான். ஷாம்பு மட்டும் தலைகீழ். எத்தனை மில்லி என்று பார்த்துக் கணக்குப் போட்டால் பாட்டிலைவிடச் சின்னப் பாக்கெட்தான் மலிவு.

ஆனால் மொத்தமாக வாங்க மொத்தமாகப் பணம் வேண்டுமே? அங்கேதான் எல்லோரும் மாட்டிக்கொள்கிறோம். தீபாவளி போனஸ் வந்தபோது 3,000 ரூபாயைத் தனியாக எடுத்து ஒரு மாத மளிகையை ஒரே நாளில் வாங்கினேன். பிள்ளைகளுக்குத் துணி எடுத்தோம், எனக்குப் புடவை இல்லை. என் வீட்டுக்காரருக்கு அதில் வருத்தம், இரண்டு நாள் பேசவில்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் 750 ரூபாய் காலி ஹார்லிக்ஸ் பாட்டிலுக்குள் போய்விடும். நாலு சனிக்கிழமை சேர்ந்தால் அடுத்த மாத மளிகை. வேலை இல்லாத வாரம் 300தான் போடுவேன், அந்த மாதம் மல்லி, மிளகாய் கொஞ்சம் குறையும்.

இன்னொன்று, ரேஷன் அட்டையை ஊர் முகவரியிலேயே வைத்திருந்தோம். மாமியார் வாங்கி யாருக்காவது கொடுத்துவிடுவார். ஈ-சேவை மையத்தில் முகவரி மாற்றினோம். அரிசி இலவசம், துவரம் பருப்பு கிலோ 30, பாமாயில் லிட்டர் 25. இத்தனை நாள் இதை விட்டுவிட்டு நூறு கிராம் பருப்பு வாங்கிக்கொண்டிருந்தேன் என்று நினைத்தால் இப்போதும் எரிச்சல் வருகிறது.

மதுரையிலிருந்து, லோடுமேன்

தங்கச்சி, மளிகையைப் பிடித்துவிட்டாய். கரண்டைப் பார்த்தாயா?

நாங்கள் இருந்த காம்பவுண்டில் ஆறு வீடு, மெயின் மீட்டர் ஒன்றுதான். ஹவுஸ் ஓனர் வீட்டுக்கு வீடு சப்-மீட்டர் மாட்டி யூனிட்டுக்கு 9 ரூபாய் வாங்கினார். இரண்டு மாதத்துக்கு 140 யூனிட் ஓட்டினால் 1,260 ரூபாய். 2016-லிருந்து இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்று ஊரெல்லாம் தெரியும், ஆனால் அது மெயின் மீட்டரோடு நின்றுவிடும். எங்கள் வீடு வரைக்கும் வராது. கேட்டால், மொத்த பில்லே எகிறிவிடுகிறது, நான் என்ன செய்ய என்பார். அதுவும் பொய்யில்லை. ஆறு வீட்டுக் கரண்டும் ஒரே மீட்டரில் ஓடினால் யூனிட் விலை கூடின மேல் ஸ்லாபுக்குத்தானே போகும்.

வாடகை 300 கூட இருந்தாலும் பரவாயில்லை என்று தனி மீட்டர் உள்ள வீட்டுக்கு மாறினோம். அதே 140 யூனிட்டுக்கு முதல் பில் நூறு ரூபாய்க்குள் வந்தது. என் மனைவி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, ரீடிங் தப்பா எடுத்திருப்பாங்களோ என்று கேட்டாள். கூடுதல் வாடகை 600 போக இரண்டு மாதத்துக்கு ஐந்நூற்றுச் சொச்சம் மிச்சம்.

லைட்டை அணை, லைட்டை அணை என்று பிள்ளைகளைத் திட்டாதீர்கள். எல்இடி பல்பு தின்பது கொஞ்சம்தான், தின்பது ஃபேன். பழைய ஃபேன் 75 வாட், ஒரு நாளைக்கு 16 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் 72 யூனிட். ஆள் இல்லாத அறையில் ஓடுகிற ஃபேனை நிறுத்தினாலே போதும்.

தஞ்சாவூர் பக்கம், தையல் வேலை

கேஸைப் பற்றி யாரும் சொல்லவில்லை. எனக்கு ஒரு சிலிண்டர் 40 நாள் வரும், இப்போது 55 நாள் போகிறது. பெரிய வித்தை ஒன்றுமில்லை. அரிசியை அரை மணி நேரம் ஊறவைப்பேன், பருப்பைத் தையலுக்கு உட்காரும் முன்னாலேயே ஊறப்போட்டுவிடுவேன். குக்கரில் கீழே பருப்பு, மேல் தட்டில் சோறு, ஒரே விசிலில் இரண்டும். கொதி வந்த பிறகு தீயைக் குறைக்காமல் நிற்பதுதான் நாம் எல்லோரும் செய்கிற தப்பு. தண்ணீர் எவ்வளவு தளதளத்தாலும் அதன் சூடு அதற்கு மேல் ஏறாது, கேஸ்தான் போகும்.

ரேஷன் அரிசியில் வாடை அடிக்கிறது என்று ஒதுக்குகிறவர்கள், வெந்நீரில் இரண்டு தடவை களைந்து இட்லிக்குப் போட்டுப் பாருங்கள். நாலுக்கு ஒன்று உளுந்து, ஒரு ஸ்பூன் வெந்தயம். புளித்த பிறகு யாருக்கும் வித்தியாசம் தெரியாது. போன மாதம் நாத்தனார் திடீரென்று வந்துவிட்டார். மாதக் கடைசி, காய் ஒன்றுமில்லை. கொல்லை முருங்கையில் ஒரு கொப்பு ஒடித்து, அந்த மாவிலேயே கீரையைப் போட்டு அடை மாதிரி ஊற்றினேன். போகும்போது மாவுக்கு அளவு கேட்டு எழுதிக்கொண்டு போனார். ரேஷன் அரிசி என்று நான் சொல்லவில்லை.

விழுப்புரத்திலிருந்து, ஆட்டோ ஓட்டுகிறேன்

நான் செய்த தப்பையும் சொல்லிவிடுகிறேன். லாக்டவுனில் சவாரி இல்லை. அம்மாவின் பிரஷர் மாத்திரையைப் பாதியாக உடைத்து, ஒரு நாள் விட்டு ஒரு நாள் கொடுத்தோம். அம்மாவே சொன்ன யோசனைதான் அது. இரண்டாவது மாதம் ஒரு பக்கம் கை தூக்க முடியாமல் போய்விட்டது. அப்புறம் ஆன செலவை நான் இங்கே எழுதப் போவதில்லை.

இப்போது மாத்திரை ஆரம்ப சுகாதார நிலையத்தில்தான் வாங்குகிறோம், காசு கொடுக்க வேண்டியதில்லை. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் நர்சம்மா வீட்டுக்கே வந்து பிரஷர் பார்த்துவிட்டுப் போகிறார். மாத்திரை, மருந்தெல்லாம் எதில் மிச்சம் பிடிக்கலாம் என்ற பட்டியலிலேயே வரக்கூடாது. டீயைக் குறைத்துக்கொள்ளலாம், பீடியைக் குறைத்துக்கொள்ளலாம்.

மறுபடி திருப்பூரிலிருந்து

மதுரை அண்ணனுக்கு. எங்கள் காம்பவுண்டில் ஏழு வீடு, ஒரே மீட்டர், யூனிட் 10 ரூபாய். இத்தனை நாள் அது ஊர் வழக்கம் என்றே நினைத்திருந்தேன். நேற்று ஹவுஸ் ஓனரிடம் குறைக்கச் சொல்லிக் கேட்டேன். "இஷ்டமில்லீன்னா காலி பண்ணிக்கோங்க" என்றார். அட்வான்ஸ் 15,000 அவரிடம் இருக்கிறது, வெள்ளையடித்த கூலி என்று அதில் எவ்வளவு பிடிப்பாரோ. ஊருக்கு வெளியே தனி மீட்டரோடு ஒரு வீடு இருக்கிறதாம். பெண்களுக்கு டவுன் பஸ் இலவசம் என்பதால் எனக்கு டிக்கெட் செலவு இல்லை, தூரமாக இருந்தாலும் சமாளிப்பேன். என் வீட்டுக்காரருக்குத்தான் பெட்ரோல் போகும். அந்தக் கணக்கை இன்று ராத்திரி நோட்டில் போட்டுப் பார்க்க வேண்டும்.