ஆட்டோபைலட்டுக்குத் தமிழ்: வலவனா, தானோட்டியா, பிடிப்பானா?

மடல் 1, சென்னையிலிருந்து

அனைவருக்கும் வணக்கம். வீட்டுக் கொட்டகையில் சொந்தமாகக் கட்டும் சிறு விமானங்களைப் பற்றி மாணவர்களுக்காக ஒரு சிறுநூலை மொழிபெயர்க்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. கடைசி இயலில் மூன்று சொற்கள் என்னைப் படுத்துகின்றன.

முதலாவது ஆட்டோபைலட், விமானி கை வைக்காமலே விமானத்தைத் திசையும் உயரமும் மாறாமல் கொண்டுசெல்லும் கருவி. அமெரிக்காவில் ஒரு விமானத்தைக் கட்டும் வேலையில் பாதிக்கு மேல் சொந்தப் பயிற்சிக்காகவோ பொழுதுபோக்காகவோ செய்யப்பட்டிருந்தால், அந்த விமானத்தைச் 'சோதனை' வகையில் பதிந்து பறக்கலாம். ஆலையில் செய்த விமானத்தின் ஆட்டோபைலட்டுக்குக் கேட்கும் சான்றிதழ் இதில் பொருத்தும் ஆட்டோபைலட்டுக்குக் கட்டாயமில்லை. விலை குறையும். ஆனால் சரியாகப் பொருத்திச் சோதிக்கும் பொறுப்பு கட்டியவர் தலையில்.

இரண்டாவது ஷியர் பின். சர்வோ என்ற மோட்டார்தான் விமானத்தின் கட்டுப்பாட்டுத் தண்டைத் தள்ளி இழுக்கிறது. அது இறுகி நின்றுவிட்டால் விமானி தன் கையிலுள்ள கட்டுப்பாட்டுப் பிடியை ஓங்கித் தள்ள வேண்டும். சில வகைச் சர்வோக்களில் அப்போது ஒரு சிறு ஆணி முறிந்து தண்டை விடுவிக்கும்.

மூன்றாவது, ஆட்டோபைலட்டைத் துண்டிக்கும் சிவப்புப் பொத்தான். 'தொடர்பறு பொத்தான்' என்று எழுதி வைத்திருக்கிறேன், எனக்கே பிடிக்கவில்லை.

மடல் 2, தஞ்சையிலிருந்து

அம்மா, கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைகிறீர்கள். புறநானூறு 27, உறையூர் முதுகண்ணன் சாத்தனார்: 'வலவன் ஏவா வான ஊர்தி'. ஓட்டுபவன் செலுத்தாமலே செல்லும் வானூர்தி! ஆகவே ஆட்டோபைலட் 'தன்வலவன்'.

வல் என்பது வேர். வலி, வலம், வல்லமை, வலவன் எல்லாம் அதன் பிள்ளைகள். எங்கள் பக்கத்தில் இன்னும் வலத்தை மாடு, இடத்தை மாடு என்கிறார்கள். ஓட்டல் வாசலில் நம் காரை வாங்கி நிறுத்துகிறானே, அந்த 'வேலட்' கூட வலவன் திரிந்ததுதான் என்பது என் நெடுநாள் ஐயம்.

மடல் 3, ஒரேகானிலிருந்து

ஐயா, வேலட் பழைய பிரெஞ்சிலிருந்து வந்தது. அதை விடுங்கள். அந்தப் பாட்டில் வலவன் ஏவா ஊர்தி யாருக்குக் கிடைக்கிறது? செய்ய வேண்டியதைச் செய்து முடித்து, புலவர் பாடும் புகழோடு இறந்தவர்களுக்கு. அது விண்ணுலகம் போகும் வண்டி. நான் இங்கே மூன்று வருடமாக ஆர்வி என்ற வகைச் சிறு விமானம் ஒன்றைக் கட்டிக்கொண்டிருக்கிறேன். அதன் ஆட்டோபைலட்டுக்கு இந்தப் பெயரை வைத்தால் என் மனைவி ஏறமாட்டாள்.

விளையாட்டு இருக்கட்டும். என் குறை 'வலவன்' மேல் மட்டுமல்ல, 'ஓட்டி' என்று முடியும் எந்தச் சொல்லின் மேலும்தான். இந்தக் கருவி ஓட்டுவதில்லை. சொன்ன திசையையும் சொன்ன உயரத்தையும் பிடித்துக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். எஞ்சின் வலுவிழந்தாலும் உயரத்தை விடக்கூடாது என்று மூக்கைத் தூக்கிக்கொண்டே போகும். வேகத்தைக் காக்கும் வசதி இல்லாத கருவி என்றால் கடைசியில் இறக்கை தாங்காமல் விமானம் விழும். இறக்கையில் பனி படிந்து விமானம் கனத்தாலும் வாய் திறக்காது, அந்தச் சுமையைத் தானே வாங்கிக்கொள்ளும். நீங்கள் பொத்தானை அழுத்திய நொடியில் அத்தனையும் உங்கள் கைக்கு வரும்.

பாடகர் ஜான் டென்வர் 1997 அக்டோபரில் கலிஃபோர்னியாவில் இறந்தது வேறொருவர் கட்டிய லாங்-ஈசி என்ற சிறு விமானத்தில். எரிபொருள் தொட்டியை மாற்றும் குமிழை, வடிவமைப்பில் இருந்த இடத்தில் வைக்காமல், கட்டியவர் விமானியின் இடத்தோளுக்குப் பின்னால் வைத்திருந்தார். திரும்பிப் பார்த்துத்தான் திருப்ப வேண்டும். எட்டவில்லை என்ற பேச்சு வந்தபோது, தேவைப்பட்டால் ஆட்டோபைலட்டைப் போட்டுவிட்டுத் திருப்பிக்கொள்கிறேன் என்று ஒரு தொழில்நுட்பரிடம் அவர் சொன்னதாக விசாரணை அறிக்கையில் இருக்கிறது. குமிழைத் திருப்ப முயன்றபோது கட்டுப்பாடு போனது என்பதே அறிக்கையின் முடிவு. இதில் ஆட்டோபைலட்டின் பிழை ஏதுமில்லை. ஆனால் 'அது பார்த்துக்கொள்ளும்' என்ற நினைப்பைப் பாருங்கள். பெயரிலேயே பைலட் இருந்தால் நினைப்பு அப்படித்தான் போகும். என் ஓட்டு 'பிடிப்பான்'.

மடல் 4, யாழ்ப்பாணத்திலிருந்து

எங்கட பாடப்புத்தகங்களில் 'தன்னியக்கம்' நெடுங்காலமாக இருக்கிறது. 'தன்னோட்டி' என்று வைத்தால் பிள்ளைகளுக்கு உடனே விளங்கும். பிடிப்பான் என்றால் சட்டையில் குத்துகிற கிளிப் என்றுதான் நினைப்பார்கள், அண்ணை.

மடல் 5, தஞ்சையிலிருந்து

விண்ணுலகம் பற்றிய தடையை ஏற்கிறேன், தம்பி. ஆனால் தன்னோட்டி கூடாது. தான் என்பது வேற்றுமையில் 'தன்' ஆகும். தன்னோட்டி என்றால் தன்னை ஓட்டுவது. இந்தக் கருவி தன்னையா ஓட்டுகிறது? விமானத்தை ஓட்டுகிறது. தானே ஓட்டுவது தானோட்டி. தானியங்கி என்கிறோமே தவிர தன்னியங்கி என்பதில்லை.

1914 ஜூனில் பாரிஸுக்கு அருகே, ஆட்டோபைலட்டை உருவாக்கிய லாரன்ஸ் ஸ்பெர்ரி இரு கைகளையும் மேலே தூக்கிக் காட்ட, உதவியாளர் இறக்கை மேல் நடக்க, சுழலி (கைரோஸ்கோப்) பொருத்திய பறக்கும் படகு, அதாவது நீரில் இறங்கும் விமானம், ஆடாமல் சென்றது. பார்த்தவர்களிடம் கேட்டால் தானாகவே ஓடியது என்றுதான் சொல்லியிருப்பார்கள். பிடித்துக்கொண்டிருந்தது என்று எவன் சொல்வான்?

மடல் 6, கோவையிலிருந்து

லேத் பட்டறை ஆள் நான், இலக்கணம் தெரியாது. ஷியர் பின்னை நாங்கள் ஷியர் பின் என்றுதான் சொல்வோம். தமிழ் கட்டாயம் வேண்டுமென்றால் 'உடையாணி'. அச்சாணி உடையாமல் இருக்க வேண்டும், இது உடைய வேண்டிய நேரத்தில் உடைய வேண்டும். இந்த ஆணி தொலைந்தால் கையில் கிடைத்த எஃகு ஆணியைச் செருகிவிடாதீர்கள் என்று புத்தகத்தில் கட்டாயம் எழுதுங்கள். எஃகு உடையாது. ஆள்தான் உடைவான்.

மடல் 7, தஞ்சையிலிருந்து

அருமை! வள்ளுவரே ஆணியையும் உடைத்தலையும் ஒரே அடியில் வைத்திருக்கிறார்: 'அச்சாணி அன்னார் உடைத்து'.

(அங்கே உடைத்து என்றால் உடையது என்று பொருள். மூவர் தனிமடலில் திருத்த வருமுன் நானே சொல்லிவிடுகிறேன்.)

மடல் 8, சென்னையிலிருந்து

உடையாணியை மறுப்பில்லாமல் எடுத்துக்கொள்கிறேன். முதல் கேள்விக்குப் பதினேழு தனிமடல்கள் வந்தன. அவற்றில் ஒன்று 'சுக்கான்' அரபுச் சொல்லா இல்லையா என்பதைப் பற்றி மட்டும் நான்கு பக்கம். தானோட்டி 9, தன்னோட்டி 4, பிடிப்பான் 2, ஆட்டோபைலட் என்றே விடு 2. தானோட்டி என்று போடுகிறேன், சொல் முதலில் வரும் இடத்தில் மட்டும் ஆட்டோபைலட்டும் சேர்த்து. ஒரேகான் அண்ணன் சொன்னதை அதற்கடுத்த பத்தியாகவே வைத்துவிட்டேன். சிவப்புப் பொத்தானைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.

மடல் 9, ஒரேகானிலிருந்து

சரி, தோற்றேன். ஆனாலும் பிடிப்பான்தான் சரி என்பேன். முதல் 25 அல்லது 40 மணி நேரச் சோதனைப் பறப்பில் அந்தச் சர்வோவின் கை எங்காவது நேர்கோட்டைத் தாண்டி மடங்கிப் பூட்டிக்கொள்கிறதா என்று கவலைப்படப்போவது நான். அதற்கு முன்பே தரையில் பிடியை மூலைக்கு மூலை நூறு முறை ஆட்டிப் பார்த்தாயிற்று.

பொத்தானுக்கு 'தொடர்பறு' வேண்டாம் தங்கச்சி. அந்த நேரத்தில் ஐந்தெழுத்து படிக்க முடியாது. என் பிடியில் இரண்டே எழுத்தில் ஒட்டிவிட்டேன்: விடு.

மடல் 10, தஞ்சையிலிருந்து

நல்ல தேர்வு. ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள், தம்பி. 'விடு' முதனிலை திரிந்தால் 'வீடு'. மறுபடியும் விண்ணுலகம்தான்.

மடல் 11, ஒரேகானிலிருந்து

திரியாமல் பார்த்துக்கொள்கிறேன், ஐயா.