ஜெர்மனி வந்து மூன்று வருடம்: மொழி சரி, பழக்கமும் கற்றே ஆக வேண்டுமா?

நெக்கர்கரை (கேள்வி):

வணக்கம். ஸ்டுட்கார்ட் பக்கம் இருக்கிறேன், சாஃப்ட்வேர் வேலை, ப்ளூ கார்டு (படித்த வேலைக்காரர்களுக்கான வசிப்பு அனுமதி). ஆபீஸில் எல்லாம் ஆங்கிலம்தான், டீமில் பாதிப் பேர் நம் ஊர்க்காரர்கள் என்பதால் காபி நேரத்தில் தமிழும் ஓடும். ஏ1 என்னும் ஆரம்ப நிலை ஜெர்மன் வகுப்புக்கு ஒரு மாதம் போனேன், ரிலீஸ் வந்தது, நின்றுபோனது, அவ்வளவுதான் என் ஜெர்மன்.

இரண்டு மாதம் முன்னால் வீடு மாறினோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை எங்கள் கதவுக் கைப்பிடியில் யாரோ ஒரு சின்ன மரப்பலகையைத் தொங்கவிட்டிருந்தார்கள். துடைப்பம் படம் போட்டு ஏதோ எழுதியிருந்தது. விளம்பரம் என்று நினைத்து எடுத்து ஷூ ரேக் மேல் போட்டுவிட்டேன். புதன்கிழமை கீழ்வீட்டுப் பாட்டி பெல் அடித்து நீளமாக ஏதோ சொன்னார், நான் "யா, யா" என்று தலையாட்டினேன், அவரும் திருப்தியாகப் போனார். அடுத்த சனிக்கிழமை லெட்டர் பாக்ஸில் கையால் எழுதிய கடிதம். போனில் படம் பிடித்து மொழிபெயர்த்தால் "பெருக்கும் வாரம்" என்று வருகிறது. கேர்வோஹ என்பார்களாம். பலகை யார் கதவில் தொங்குகிறதோ அந்த வாரம் மாடிப்படியும் வாசல் நடைபாதையும் அவர்கள் பொறுப்பு. என்ன பலகை என்று நான் கேட்கவும் இல்லை, அவர் சொன்னது புரியவும் இல்லை.

இதை ஆபீஸில் சிரிப்புக்குச் சொன்னேன். ஒரு ஜெர்மன்காரர் சிரிக்காமல், "வந்த நாட்டின் மொழியும் பழக்கமும் தெரிந்துகொள்ளத்தான் வேண்டும்" என்றார். சுருக்கென்று இருந்தது. ஒழுங்காக வரி கட்டுகிறேன், யார் வம்புக்கும் போவதில்லை. மொழி வேண்டும் என்றால் ஒப்புக்கொள்கிறேன், பழக்கத்தையும் கற்றே ஆக வேண்டும் என்பது கொஞ்சம் அதிகம் இல்லையா?


மஞ்சள்உறை:

சார், நீங்கள் கட்டும் வரி அந்தப் பாட்டிக்குப் படி பெருக்காது. கோபித்துக்கொள்ளாதீர்கள்.

நானும் முதல் நான்கு வருடம் இப்படித்தான் இருந்தேன். ஒருநாள் பெட்டியில் மஞ்சள் நிற உறை ஒன்று கிடந்தது. பில் என்று நினைத்து சமையலறை மேடையில் மூன்று வாரம் போட்டுவைத்தேன். மஞ்சள் உறை என்றால் முறைப்படி சேர்ப்பிக்கப்பட்டதாகப் பதிவாகும் அரசுக் கடிதம், போட்ட தேதியை தபால்காரர் உறை மேலேயே எழுதிவிட்டுப் போவார், நாம் பிரித்தாலும் பிரிக்காவிட்டாலும் அன்றிலிருந்து கெடு ஓடும் என்பதெல்லாம் அப்புறம்தான் தெரிந்தது. என் விஷயத்தில் ஆட்சேபம் எழுத வேண்டிய கெடு முடிந்து ஐந்து நாள் ஆகியிருந்தது. "எனக்கு மொழி தெரியாது" என்று எழுதிப் பார்த்தேன், எடுபடவில்லை. அலுவல் மொழி ஜெர்மன் என்று இங்கே நிர்வாக நடைமுறைச் சட்டத்திலேயே இருக்கிறது. ஆபீஸ்தான் ஆங்கிலத்தில் ஓடும், அரசாங்கம் ஓடாது.

லாபக் கணக்கும் ஒன்று சொல்கிறேன். ப்ளூ கார்டுக்காரருக்கு நிரந்தர வசிப்புரிமை ஏ1 இருந்தால் 27 மாதத்தில், அதற்கு மேலான பி1 நிலை இருந்தால் 21 மாதத்தில். உங்களுக்கு 36 மாதம் ஓடிவிட்டது. ஒரு ரிலீஸுக்காக எதை விட்டிருக்கிறீர்கள் என்று பாருங்கள்.


ரூர்அண்ணை:

தம்பி, நான் பழைய ஆள். 1985 இல் கொழும்பில் இருந்து மொஸ்கோ வழியாகக் கிழக்கு பேர்லின், அங்கிருந்து ரயிலேறி மேற்கு பேர்லின், பிறகு முகாம். இப்ப எல்லாரும் "வந்தவன் மொழி படிக்க வேணும்" என்று சொல்லுகினம். நல்ல விஷயம். ஆனால் எங்களை அப்ப யாரும் படிக்கச் சொல்லவில்லை. அகதி வழக்கு முடியாதவனுக்கு டொச் (ஜெர்மன்) வகுப்பு கிடையாது, ஆரம்பத்தில் வேலை அனுமதி கிடையாது, பக்கத்து மாவட்டத்தில் இருக்கிற மச்சானைப் பார்க்கப் போவதென்றால் அதற்கும் அனுமதித் துண்டு எடுக்க வேணும். திரும்பிப் போகப்போகிறவன் என்று கணக்குப் போட்டுத்தான் வைத்திருந்தார்கள். எங்களுக்கு முதல் வந்த துருக்கிக்காரருக்கும் அதே கதைதான். 1961 இல் ஒப்பந்தம் போட்டுக் கூப்பிட்டு, 1973 இல் ஆள் எடுப்பதை நிறுத்தும்வரை அவர்களுக்குப் பெயரே விருந்தாளித் தொழிலாளர். விருந்தாளிக்கு யார் மொழி படிப்பிப்பார்கள்?

நான் கோப்பை கழுவின இடத்தில் சமையல்காரன் பேசின தூஷணம்தான் என்னுடைய முதல் டொச்.

ஒன்று சொல்லுகிறேன், இதை அதிகம் கதைத்ததில்லை. மனுசிக்குச் சுகமில்லாமல் ஒரு பெண் வைத்தியரிடம் போனோம். மொழிபெயர்க்க ஒன்பது வயது மகன். வைத்தியர் ஒரு சொல் சொன்னார், அது பிள்ளைக்கு டொச்சிலும் தெரியாது தமிழிலும் தெரியாது. தாயைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், பிறகு மெல்ல, "அம்மான்ர வயித்துக்குள்ள இருந்து ஏதோ ஒன்றைக் கழட்ட வேணுமாம்" என்றான். கர்ப்பப்பை. அன்றைக்குத்தான் நான் பின்னேர வகுப்புக்குப் பெயர் கொடுத்தேன், என் காசில், என் நாற்பதாவது வயதில்.

2005 இல் தான் சட்டம் கொண்டுவந்து 600 மணித்தியாலம் மொழி, அதற்கு மேல் நாட்டைப் பற்றின பாடம் என்று வகுப்பு வைத்தார்கள். 2024 இல் குடியுரிமைச் சட்டத்தை மாற்றினபோது, 1974 ஜூன் 30 க்கு முதல் வந்த தொழிலாளர் தலைமுறைக்கு எழுத்துப் பரீட்சை வேண்டாம், வாயால் சமாளித்தால் போதும் என்று விட்டார்கள். அதாவது பிழை தங்களிடமும் இருந்தது என்று ஒத்துக்கொண்ட மாதிரி. நாங்கள் அந்தத் தேதிக்குப் பிந்தி வந்தவர்கள், எங்களுக்கு அது இல்லை.

உங்களுக்கு வகுப்பும் இருக்கு, காசும் இருக்கு. படியுங்கோ.


ரட்லண்ட்கேட்மாணவி:

அண்ணை எழுதியதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஒன்றும் எழுதத் தோன்றவில்லை.

நான் கல்யாணம் ஆகி வந்தவள். என் கணவருக்கு ப்ளூ கார்டு இல்லை, அதனால் நான் சென்னையிலேயே ஏ1 எழுதித் தேறினால்தான் விசா. 2007 முதல் இந்த விதி. ப்ளூ கார்டுக்காரரின் மனைவிக்கு விலக்கு! அதாவது சம்பளம் கூடினால் மொழி தேவையில்லை, குறைந்தால் தேவை. "எல்லோரும் மொழி கற்க வேண்டும்" என்று சொல்பவர்கள் முதலில் இதற்குப் பதில் சொல்லட்டும். சென்னை ரட்லண்ட் கேட்டில் இருக்கும் ஜெர்மன் மொழிப் பள்ளியான கோதே இன்ஸ்டிட்யூட்டில் என்னோடு படித்த பெண் ஒருத்தி இரண்டு தடவை தவறினாள், அவள் கணவர் இங்கே தனியாக ரசம் வைத்துக்கொண்டிருந்தார்.

ஆனாலும் படித்தது வீண் இல்லை. மரியாதை விஷயத்தில் நமக்குச் சுலபம், ஜெர்மனின் 'டூ'வும் 'ஸீ'யும் நம் நீயும் நீங்களும்தான், மாமனாரை நீ என்று கூப்பிடாதவர்களுக்கு அது தானாக வரும். சிக்கல் வேறு இடத்தில். 'இல்லை' என்பதற்கு 'நிஷ்ட்' என்று மனப்பாடம் செய்துகொண்டு வந்தால் இந்தப் பக்கம் 'நெட்' என்கிறார்கள், எதற்கெடுத்தாலும் கடைசியில் ஒரு 'லே' ஒட்டுகிறார்கள், வீடு 'ஹாய்ஸ்லே' ஆகிவிட்டது. பாடப்புத்தகத் தமிழ் படித்தவரை நாகர்கோவிலில் இறக்கிவிட்ட கதை.

பழக்கம் பற்றிக் கேட்டீர்கள். குடியுரிமைத் தேர்வில் 33 கேள்வி, 17 சரியானால் தேர்ச்சி. கேள்விகள் முன்கூட்டியே வெளியிட்டதுதான், அதில் ஈஸ்டருக்கு இங்கே என்ன வழக்கம் என்று ஒன்று உண்டு. விடை முட்டைக்கு வண்ணம் பூசுவது. கவனியுங்கள், தெரியுமா என்றுதான் கேட்கிறார்கள், பூசினாயா என்று கேட்கவில்லை. என் அளவில் கோடு அங்கேதான். நான் என்ன சாப்பிடுகிறேன், பொட்டு வைக்கிறேனா என்பது என் வீட்டுக்குள். இரவு பத்து மணிக்கு மேல் கிரைண்டர் போட்டால் அது சுவரைத் தாண்டிப் போகிறது. ஞாயிற்றுக்கிழமை பாட்டில் தொட்டியில் கண்ணாடியைப் போட்டால் தெருவுக்கே கேட்கும். மாடிப்படி எல்லோருக்கும் பொது. நீங்கள் சிக்கியது இந்த ரகத்தில், அதைக் கலாச்சாரத் திணிப்பு என்று சொல்ல மாட்டேன். (எங்கள் வீட்டில் சனிக்கிழமை மத்தியானமே மாவு அரைத்துவிடுவேன். ஞாயிறு காலை இட்லிக்குப் புளிக்க வேண்டுமே, குளிரில் அது தனிப் போராட்டம்.)


நொய்யல்:

திருப்பூரில் இருந்து எழுதுகிறேன். ஜெர்மனி பற்றி ஒன்றும் தெரியாது. இங்கே பனியன் கம்பெனியில் ஒடிசா, பீகார் பையன்கள் வேலை செய்கிறார்கள், "இத்தனை வருடம் இருந்தும் தமிழ் பேசவில்லையே" என்று சலித்துக்கொள்ளும் அதே ஆட்கள்தான், தம்பி மகன் ஃபிராங்க்ஃபர்ட்டில் ஆங்கிலத்திலேயே சமாளிக்கிறான் என்று பெருமையாகவும் சொல்கிறார்கள். பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட் முடித்து வருகிறவன் எந்த நேரத்தில் படிப்பான் என்று யாரும் கேட்பதில்லை. நிற்க, சண்டைக்கு வரவில்லை.


ரூர்அண்ணை:

தங்கச்சி சொன்ன கோட்டில் ஒரு சின்னத் திருத்தம். சில பழக்கம் வீட்டுக்குள் நிற்காது. ஹம் நகர காமாட்சி அம்மன் தேர் இருக்கே, ஊர்மனைக்குள் சின்னக் கோயிலாக இருந்த காலத்தில் சத்தம், வாகன நெரிசல் என்று அக்கம்பக்கத்தில் முறைப்பாடு வந்தது. இப்ப 2002 இல் கும்பாபிஷேகம் நடந்த பெரிய கோயில் தொழிற்சாலைகளுக்குப் பக்கத்தில் நிற்குது, தீர்த்தம் ஆடுவது கால்வாயில். தேரை யாரும் விடவில்லை. ஆனால் அதை ஓட்டுகிறதுக்கு நகரசபையோடு டொச்சில் கதைக்க ஆள் வேண்டியிருந்தது.


நெக்கர்கரை:

எல்லோருக்கும் நன்றி. அண்ணை, உங்கள் மகன் விஷயம் மனதை விட்டுப் போகவில்லை. என் மகளுக்கு இப்போது ஐந்து வயது, போன வாரம்தான் பேக்கரியில் அவளை விட்டுக் கேட்கச் சொன்னேன், சாமர்த்தியம் என்று நினைத்துக்கொண்டு.

நேற்று வாளியும் மாப்பும் எடுத்துக்கொண்டு இறங்கினேன். பாட்டி கதவைத் திறந்து ஏதோ சொன்னார், இரண்டு 'லே' மட்டும் பிடிபட்டது. அப்புறம் விரலால் மேலே காட்டிக்கொண்டே இருந்தார். புரிந்துகொள்ள பத்து நிமிடம் ஆயிற்று: வாரம் முடிந்ததும் பலகையை நான் அடுத்த வீட்டுக் கதவில் மாட்டியிருக்க வேண்டும். அது என் ஷூ ரேக்கிலேயே கிடந்ததால் ஒரு மாதமாக மேல்வீட்டுக்காரர்கள் யாரும் பெருக்கவில்லை, பாட்டிதான் தனியாகப் பெருக்கியிருக்கிறார். பலகையை மாட்டிவிட்டு வந்தேன்.

ஸ்டுட்கார்ட் ஃபோல்க்ஸ்ஹோக்‌ஷூலேயில் (பெரியவர்களுக்கான பொதுக் கல்விக்கூடம்) மாலை நேர ஏ1 போனவர்கள் யாராவது இருக்கிறீர்களா? வேலை முடித்து ஆறரைக்கு மேல்தான் வர முடியும்.