புதுப்பிப்பு: டார்ச்சின் வால் சுவிட்ச் ஒருவழியாக அமைந்தது

போன மாதம் எழுதியது: பழைய டார்ச்சில் புது எல்இடியும் டிரைவரும் (எல்இடிக்குப் போகும் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் சுற்று) மாற்றிய பிறகு, பின்மூடி சுவிட்ச் ஐந்து நிமிடத்திலேயே கையைச் சுட்டது. "சுவிட்ச்தான் மட்டம், வேற வாங்குங்க" என்றீர்கள் பலர். பாதிதான் சரி.

மூடியைக் கழற்றி, தடித்த கம்பியால் உடலோடு இணைத்து மல்டிமீட்டரில் பார்த்தேன். 3 ஆம்பியர் ஓடும்போது சுவிட்சும் ஸ்பிரிங்கும் சேர்ந்து 0.3 வோல்ட்டை விழுங்கின. அதாவது 0.9 வாட் வெறும் சூடாகவே போகிறது. அதில் பெரும்பங்கு அந்த மெல்லிய எஃகு ஸ்பிரிங்குக்கே!

செம்புப் பூச்சுள்ள பிசிபி (மின்சுற்றுப் பலகை) துண்டை வட்டமாக அறுத்து, நடுவையும் விளிம்பையும் பிரிக்க ஒரு வளையக் கோடு கீறினேன். நடுவில் ஸ்பிரிங், மறுபக்கம் புது கிளிக் சுவிட்ச், அதன் இன்னொரு கால் விளிம்புக்கு. அரத்தால் தேய்த்து மூடிக்குள் உட்கார வைப்பதற்கே ஒரு ஞாயிறு போனது. மூன்றாவது வட்டம்தான் பொருந்தியது. முதல் இரண்டும் குப்பையில்.

பிறகு ஈயம் உறிஞ்சும் செம்புப் பின்னலை ஸ்பிரிங்கின் உள்ளே விட்டு, இரு முனையிலும் பற்றவைத்தேன்; மின்னோட்டம் எஃகை விட்டு பெரும்பாலும் இந்தச் செம்பு வழியே போகும். கொஞ்சம் தளர்வாக விடுங்கள். இழுத்துக் கட்டினால் ஸ்பிரிங் அமுங்கும்போது அறுந்துவிடும். (என்னுடையது ஒருமுறை அறுந்தது.)

இப்போது இழப்பு 0.08 வோல்ட். மூடி சுடவில்லை. ரப்பர் பொத்தான் மட்டும் இன்னும் சற்று ஆடுகிறது, அடியில் ஒரு வாஷர் வைத்துப் பார்க்க வேண்டும்.