மேலவீதி வீடு – குடும்பக் குழு

முரளி: அப்பாவுக்கு எம்ஆர்சிபி ரிப்போர்ட் (கணையக் குழாய், பித்தக் குழாயைப் பார்க்கும் எம்ஆர்ஐ ஸ்கேன்) வந்துவிட்டது. கல்லுக்காக எடுத்த ஸ்கேனில் கணையத்தில் தெரிந்த நீர்க்கட்டிதான், 14 மில்லிமீட்டர். கணையத்தின் கிளைக் குழாயில் வரும் ஐபிஎம்என் வகையாம், சளி போன்ற திரவம் சேரும் கட்டி. ஆபரேஷன் இப்போது வேண்டாம், ஆறு மாதம் கழித்துப் பார்க்கலாம் என்கிறார் டாக்டர். ஆனால் கொலோனோஸ்கோப்பியும் செய்யச் சொல்கிறார். கணையத்தில் கட்டி, குடலில் எதற்கு டெஸ்ட்?

ரேவதி அத்தை: எனக்கும் அதுதான் புரியவில்லை. பில் ஏற்றுகிறார்களோ?

சேகர் சித்தப்பா: இந்தக் கட்டி இருந்தால் பாதிப் பேருக்கு வேறு கேன்சரும் வரும் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். அண்ணனிடம் சொல்லாதீர்கள்.

பெரியப்பா: நானும் இந்தக் குழுவில்தான் இருக்கிறேன், சேகர்.

பிரியா: அப்பா, அந்த வீடியோவை இங்கே போட்டுவிடாதீர்கள். இப்போதுதான் டியூட்டி முடிந்தது, சொல்கிறேன்.

பிரியா: இந்தக் கட்டி உள்ளவர்களில் 10 முதல் 50 சதவீதம் பேருக்குக் கணையத்துக்கு வெளியே வேறு புற்றுநோயும் இருந்ததாகப் பல ஆய்வுகளில் எழுதியிருக்கிறார்கள். ஜப்பான், கொரியாவில் வயிறும் பெருங்குடலும். மேற்கே பெருங்குடல், மார்பகம், புராஸ்டேட். ஆனால் அதில் நிறையப் பேருக்குக் கேன்சர்தான் முதலில் வந்தது. அதற்காக ஸ்கேன் எடுத்தபோது இந்தக் கட்டியும் கண்ணில் பட்டது. தெருவிளக்கு போட்ட பிறகுதான் பாம்பு வந்தது என்று சொல்வது மாதிரி.

முரளி: அப்படியானால் பயமே வேண்டாமா?

பிரியா: கட்டி போய் இன்னொரு இடத்தில் கேன்சரை உண்டாக்காது. அதே வயதுள்ள மற்றவர்களோடு ஒப்பிட்டுப் பார்த்த சில ஆய்வுகளில் பெரிய வித்தியாசமே இல்லை. நான் கவலைப்படுவது கணையத்தைப் பற்றித்தான். கட்டியே கேன்சராக மாறலாம், அபூர்வமாகக் கட்டி இல்லாத இன்னொரு பக்கத்திலும் கேன்சர் வரலாம். அதனால்தான் ஒவ்வொரு முறையும் முழுக் கணையத்தையும் பார்ப்பார்கள். கட்டி 3 செ.மீ. தொட்டாலோ, உள்ளே சதை முடிச்சு தெரிந்தாலோ, மெயின் குழாய் விரிந்தாலோ பேச்சு வேறு. கண் மஞ்சளானால், காரணமில்லாமல் எடை குறைந்தால், கட்டுக்குள் இருந்த சர்க்கரை திடீரென்று எகிறினால் ஆறு மாதம் காத்திருக்கக் கூடாது.

ரேவதி அத்தை: சரி, குடல்?

பிரியா: பெரியப்பாவுக்கு 67. இதுவரை குடலைப் பார்த்ததே இல்லை. கட்டி இல்லாவிட்டாலும் பார்க்கவேண்டிய வயது. வீட்டில் யாருக்காவது குடல் கேன்சர் இருந்ததா என்று டாக்டர் கேட்டிருப்பாரே?

முரளி: கேட்டார். யாருக்கும் இல்லை என்று சொல்லிவிட்டேன்.

ரேவதி அத்தை: யார் சொன்னது இல்லை என்று? தாத்தா எதில் போனார்?

முரளி: வயிற்றுவலி என்றுதானே சொல்வீர்கள்?

ரேவதி அத்தை: வயிற்றுவலி என்றுதான் ஊருக்குச் சொன்னோம். குடலில் கட்டி. மதுரையில் ஆபரேஷன் செய்தார்கள், அதற்கப்புறம் எட்டு மாதம். 58 வயது. அம்மா அந்தப் பேரையே வீட்டில் எடுக்க விடவில்லை.

சேகர் சித்தப்பா: எனக்கே இது தெரியாதே அக்கா!

ரேவதி அத்தை: நீ அப்போது எட்டாம் வகுப்பு.

பிரியா: அத்தை, இதை இத்தனை வருடம் யாருமே சொல்லவில்லையே! முரளி, டாக்டரிடம் உடனே சொல். கணையக் கட்டியை விட இதுதான் பெரிய காரணம். அத்தை, அப்பா, நீங்கள் இரண்டு பேரும் பார்க்கவேண்டும். பெற்றவருக்கு இருந்தால் பிள்ளைகள் 40 வயதிலேயே தொடங்கவேண்டும்.

சேகர் சித்தப்பா: எனக்கு ஒன்றும் இல்லையே.

பிரியா: தாத்தாவும் அப்படித்தான் சொல்லியிருப்பார். பாலிப், அதாவது குடலின் உள்சுவரில் வளரும் சதை, சின்னதாக இருக்கும்போது வலிக்காது. பார்க்கும்போதே எடுத்துவிடலாம்.

ரேவதி அத்தை: என் பெயரையும் எழுதிக்கொள். அண்ணனுக்கு அடுத்து நான்.

முரளி: அப்பாவுக்கு வெள்ளிக்கிழமை காலை. வியாழன் முழுக்கத் தெளிந்த திரவ உணவுதான், சாயங்காலம் பேதி மருந்து. ரத்தம் இளக்கும் மாத்திரையைப் பற்றிக் கேட்டுச் சொல்கிறேன்.

பெரியப்பா: காபி?

பிரியா: வியாழக்கிழமை குடிக்கலாம் பெரியப்பா. பால் இல்லாமல்.

பெரியப்பா: அதற்குக் கட்டியே தேவலை.

பெரியம்மா: அவரை விடு. வெள்ளிக்கிழமை ஆறு மணிக்கெல்லாம் காரோடு வந்துவிடு முரளி.