மிஷன் டிரிப் போனவர்கள், அல்லது நம் லயத்துக்கு (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு) அப்படி ஒரு குழு வந்து பார்த்தவர்கள், நடந்ததைச் சொல்லுங்கள்

சிப்புட் வயர்மேன்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். நானே ஆரம்பித்து வைக்கிறேன்.

2023 ஆகஸ்டில் எங்கள் சபையிலிருந்து பதினான்கு பேர் இலங்கை மலையகத்துக்குப் போனோம். ஹட்டனைத் தாண்டி பொகவந்தலாவைப் பாதையில் ஒரு தேயிலைத் தோட்டம். ஒரு டாக்டர், இரண்டு மிஸ்ஸி (நர்ஸ்), மருந்து எடுத்துக் கொடுக்க ஒருவர், மிச்சம் வயரிங், தச்சு, சிமெண்டு வேலை தெரிந்த எங்களைப் போன்றவர்கள். வேலை ஒன்றும் தெரியாமல் பாட்டு மட்டும் நன்றாகப் பாடுகிற மூன்று பேரும் இருந்தார்கள். மூன்று நாள் மருத்துவ முகாம், கூடவே பிள்ளை மடுவத்துக்குப் புதுக் கூரை. அதுதான் திட்டம். பிள்ளை மடுவம் என்றால், அம்மாமார் கொழுந்து எடுக்கப் போகும்போது குழந்தைகளை விட்டுப் போகிற இடம். நம் தோட்டங்களில் ஆயாக்கொட்டகை என்போமே, அதேதான்.

பணம் சேர்த்த கதை எல்லாச் சபைக்கும் தெரிந்ததே. ஆராதனை முடிந்து நாசி லெமாக், வாலிபர் கூட்டம் கார் கழுவியது. அதை விடுகிறேன். காகித வேலையைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். நம் டாக்டர் அங்கே போய் நாற்காலி போட்டு உட்கார்ந்து மருந்து எழுத முடியாது. அந்த நாட்டு மருத்துவ சபையில் தற்காலிகப் பதிவு வாங்க வேண்டும், கொண்டுபோகிற மருந்துக்கும் தனி அனுமதி வேண்டும். போதகர் ஆறு மாதம் முன்பே இதில் இறங்கிவிட்டார். அப்படியும், கடைசி நிமிடத்தில் ஓர் அக்கா அன்பாகத் திணித்த இருமல் மருந்துப் பெட்டி பட்டியலில் இல்லாததால் கொழும்பில் நின்றுவிட்டது. தப்பு எங்களுடையதுதான்.

சிப்புட் வெயிலில் வளர்ந்த உடம்புக்கு ஹட்டன் குளிர் ஒத்துவரவில்லை. கடல்மட்டத்துக்கு 1,200 மீட்டருக்கும் மேலே, அதுவும் தென்மேற்குப் பருவமழைக் காலம். தோட்டத்துக்குள் வேன் நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டது லயம். நான் பதினான்கு வயது வரைக்கும் லயத்தில் இருந்தவன். தகரத்தில் மழை விழுகிற சத்தம் கேட்டதும் வயிற்றில் என்னவோ செய்தது. காலையில் ஆட்களை வரிசையாக நிறுத்தி வேலை பிரிக்கிற பெரட்டுக் களத்துச் சுவரில் 'மலையகம் 200' என்று சுவரொட்டி ஒட்டியிருந்தார்கள். அந்த வருடம்தான், அவர்கள் முன்னோர் இந்தியாவிலிருந்து வந்து 200 வருடம் என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு ஜனங்கள் நடந்தே போனார்கள்.

ஒரு பாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டு, "மலேசியாவுலயும் லயம் இருக்குதாங்களா?" என்று கேட்டார். இருந்தது பாட்டி, எங்கள் தோட்டத்தை விற்றுவிட்டார்கள், ரப்பர் பால்மரமும் போய் இப்போது எல்லாம் செம்பனை (எண்ணெய்ப்பனை), வேலை செய்கிறவர்கள் வங்காளதேசம், இந்தோனேசியாக்காரர்கள் என்றேன். "அப்ப நீங்கள்லாம் எங்க போனீங்க?" என்றார். தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டுக்கு என்று சொல்லியிருக்கலாம். ஆனால் என் கூடப் படித்தவர்களில் பாதிப் பேர் எங்கே போனார்கள் என்று எனக்கே தெரியாது.

முகாமுக்கு வருகிறேன். முதல் நாள் காலை ஒன்பது மணிக்கே மேசை போட்டுத் தயாராகிவிட்டோம். வந்தது கிழவர்களும் குழந்தைகளும்தான். கொழுந்து எடுக்கிற பெண்கள் ஒருவர்கூட இல்லை. அவர்களுக்காகத்தானே போனோம்! நாலரை மணிக்கு மேல் திபுதிபுவென்று வந்தார்கள், நாங்கள் ஐந்தரைக்கு மூடுகிற நேரம். விசாரித்தால் காரணம் சாதாரணம்: பகலில் வந்தால் அன்றைக்குப் பேர் விழாது, அதாவது நாள் சம்பளக் கணக்கில் சேராது. முந்தைய வருடப் பொருளாதார நெருக்கடியில் மருந்துத் தட்டுப்பாடு என்று செய்தியில் பார்த்து, அங்கே ஆஸ்பத்திரியே இல்லாத மாதிரி நினைத்துக்கொண்டு போயிருந்தோம். அரசாங்க ஆஸ்பத்திரி அங்கே இலவசம். நம் ஊர் கிளினிக்கில் கொடுக்கிற ஒரு வெள்ளிகூட (ரிங்கிட்) இல்லை. ஆனால் டவுனுக்குப் போய் வர பஸ் காசு, கூடவே ஒரு நாள் சம்பளம். அந்தச் சம்பளமும் அப்போது ஆயிரம் ரூபாய், 2021இல் வர்த்தமானியில் (அரசாங்கக் கெஜட்) போட்டது. கிலோ குறைந்தால் முழுப் பேர் கிடையாது. முழங்கால் வலிக்கு யார் ஒரு நாளைத் தூக்கிக் கொடுப்பார்கள்?

மறுநாள் நேரத்தை மாலை மூன்றிலிருந்து இரவு எட்டு என்று மாற்றினோம். மாற்றச் சொன்னது தோட்டத்து மருத்துவ உதவியாளர். நம் பக்கத்துத் தோட்டங்களில் மருந்து கொடுக்கிற டிரெஸ்ஸர் மாதிரி. திட்டம் போடும்போது அவரை ஒரு வார்த்தை நாங்கள் கேட்கவில்லை என்பதை இங்கே ஒத்துக்கொள்கிறேன். அவராகவே ஒரு நோட்டுப் புத்தகத்தோடு வந்து எங்கள் டாக்டர் பக்கத்தில் உட்கார்ந்தார். ரத்த அழுத்தம் 190க்கு 110 இருந்த ஒருவருக்கு நம் டாக்டர் மாத்திரை எழுதப் போனபோது, "முப்பது நாள் கழிச்சு இவருக்கு யாருங்க தருவா?" என்று கேட்டார். அதன் பிறகு எந்த மாத்திரை ஹட்டன் பக்கத்து அரசு ஆஸ்பத்திரியில் தொடர்ந்து கிடைக்குமோ அதைத்தான் எழுதினார்கள். கிளினிக் தேதியோடு துண்டும் கொடுத்தார்கள். கொண்டுபோன விலை உயர்ந்த மாத்திரைகளில் கொஞ்சம் அப்படியே திரும்பி வந்தது.

நிஜமாகவே எடுபட்டது கண்ணாடிதான். படிக்கிற கண்ணாடி, ஒன்றிலிருந்து மூன்று பவர் வரை, சிப்புட்டில் மலிவாக வாங்கியவை. படிக்கத் தெரியாதவர்களுக்கு ஊசியும் நூலும் கொடுத்துச் சோதித்தோம். ஓர் அம்மா, ஐம்பது வயது இருக்கும், இரண்டு பவர் போட்டதும் இடுப்பு முடிச்சிலிருந்து கசங்கிய துண்டு ஒன்றை எடுத்தார். அன்றைக்குக் கொழுந்தை எத்தனை கிலோ என்று நிறுத்து எழுதிக் கொடுத்த துண்டு. கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "பதினெட்டுனு வாயால சொன்னான், பதினாறுல போட்டிருக்கான்" என்றார். பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாம் அவரவர் துண்டைத் தேட ஆரம்பித்துவிட்டார்கள். எங்கள் போதகர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். இதற்கு ஜெபக் குறிப்பு யாரும் எழுதி வரவில்லை!

கூரைக் கதை பெரிய கதை, சுருக்கமாகச் சொல்கிறேன். அங்கே கூரை வேலைக்காரரை 'பாஸ்' என்கிறார்கள். அவருக்கு ஓர் உதவியாள். நம் வாலிபர்கள் கூட்டமாக மேலே ஏறியதும் அந்த உதவியாளுக்கு வேலை இல்லாமல் போய், கீழே கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அன்றைய கூலி போச்சு. நாங்கள் இலவசமாகச் செய்த உதவி அவருக்குத்தான் நஷ்டம். அது புரிய எங்களுக்கு அரை நாள் ஆனது. இதற்குள் மேலே இருந்தவர்கள் தகரத்தின் பள்ளத்தில் ஆணி அடித்துக்கொண்டு போயிருக்கிறார்கள். பாஸ் திட்டவில்லை. ஏணியில் நின்றபடி, "தம்பி, மழத்தண்ணி மேட்டுல ஓடுமா, பள்ளத்துல ஓடுமா?" என்று மட்டும் கேட்டார். பிறகு உதவியாளைக் கூலிக்கு மேலே ஏற்றிவிட்டு, வாலிபர்களை மணல் சுமக்கவிட்டோம்.

இவ்வளவுதான் என் பங்கு. மற்றவர்கள் எழுதுங்கள்.

தோட்டத்து மகள்

அண்ணே, நான் உங்களுக்கு எதிர்ப்பக்கம். 1979, எனக்கு எட்டு வயது, கோல கங்சார் பக்கம் ஒரு தோட்டம். வெள்ளைக்காரர்கள் ஒரு வேனில் வந்தார்கள். எங்கள் எல்லாரையும் உயர வரிசையில் நிற்க வைத்துப் பூச்சி மருந்து கொடுத்தார்கள், ஒரு மிட்டாய், அப்புறம் போட்டோ. எனக்குக் கவுன் ஒன்று கிடைத்தது. நீலம், கழுத்தில் லேஸ் வைத்தது. இரண்டு தீபாவளிக்கு அதையே போட்டேன். கை தைத்த இடம் கிழியும் வரைக்கும். அந்தம்மா முகம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது, குறை சொல்லவில்லை.

ஆனால் அதே பூச்சி மருந்தை எங்கள் டிரெஸ்ஸர் வருடா வருடம் கொடுத்துக்கொண்டுதான் இருந்தார். விளக்கெண்ணெய் குடிக்க மாட்டேன் என்று ஓடினால் மண்டோரை (வேலை மேற்பார்வைக்காரரை) விட்டுப் பிடித்துவரச் சொல்வார். அவரை எந்த நாய் போட்டோ எடுத்தது? பிள்ளைகள் அவரைக் கண்டால் ஒளிவோம், அவ்வளவுதான். அந்தப் போட்டோவில் நான் எப்படி இருந்தேன் என்று மட்டும் ஒரு தடவை பார்க்க ஆசை. எங்கேயோ ஒரு வீட்டு ஆல்பத்தில் இருக்கும்.

ஓய்வு பெற்ற மிஸ்ஸி

நான் இரண்டு தடவை கம்போடியா போனேன், தொன்லே சாப் ஏரிக்கரைக் கிராமங்கள். உங்களுக்காவது ஒரே மொழி. எங்களுக்கு நான் ஆங்கிலத்தில் சொல்லி, அதை ஒரு பையன் கெமர் மொழியில் சொல்லி, பதில் அதே வழியில் திரும்பி வர வேண்டும். "வயிறு" என்று ஆரம்பித்தது "முதுகு" என்று வந்து நின்ற நாளும் உண்டு.

ஒன்று மட்டும் போகப்போகிறவர்களுக்குச் சொல்கிறேன். வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கிற உப்புச் சர்க்கரைப் பாக்கெட் நாங்கள் இங்கிருந்து கொண்டுபோனது 250 மில்லி தண்ணீருக்கானது. அங்கே அம்மாமாருக்குப் பழக்கமானது ஒரு லிட்டர் பாக்கெட். நம்முடையதை அவர்கள் ஒரு லிட்டரில் கரைத்தால் வெறும் தண்ணீர் மாதிரிதான். அவர்கள் பாக்கெட்டை யாராவது கால் லிட்டரில் கரைத்தால் அது குழந்தைக்கு ஆபத்து. இரண்டாம் நாள் ஓர் அம்மா பெரிய போத்தலோடு வந்தபோதுதான் கண்டுபிடித்தேன். இரவெல்லாம் உட்கார்ந்து அரை லிட்டர் மினரல் தண்ணீர்ப் போத்தல்களில் பாதிக்கு மார்க்கர் கோடு போட்டோம். மறு வருடம் பாக்கெட்டை அங்கேயே வாங்கிவிட்டோம், விலையும் குறைவு.

பக்கத்து வீட்டுக்காரன்

வயர்மேன் அண்ணே, நான் மாரியம்மன் கோவில் கமிட்டி ஆள் என்று உங்களுக்குத் தெரியும். நாசி லெமாக் பத்துப் பொட்டலம் நானும் வாங்கினேன், அதனால் உரிமையோடு கேட்கிறேன். மருந்து வாங்க வந்தவர்களிடம் ஜெபம் பண்ணச் சொன்னீர்களா, இல்லையா?

சிப்புட் வயர்மேன்

கேட்பாய் என்று தெரியும் தம்பி.

முதல் நாள் டாக்டர் மேசை, அடுத்து ஜெப மேசை, அதற்கு அடுத்து மருந்து என்று வரிசை. யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் நடுவில் இருக்கிற மேசையைத் தாண்டித்தானே மருந்துக்குப் போக வேண்டும்? நெற்றி நிறைய விபூதி போட்ட ஒரு பெரியவர் டாக்டரைப் பார்த்துவிட்டு, சீட்டைக் கையில் வைத்துக்கொண்டே திரும்பி நடந்துவிட்டார். கங்காணி (தொழிலாளர் மேற்பார்வைக்காரர்) வீட்டம்மா வந்து மெதுவாகச் சொன்ன பிறகுதான் எங்களுக்கு உறைத்தது. சாயந்தரமே அந்த மேசையைத் தூக்கி வாசலுக்கு வெளியே மரத்தடியில் போட்டோம். வேண்டியவர்கள் வரட்டும் என்று. வந்தார்கள், விபூதியோடும் வந்தார்கள். அந்தப் பெரியவருக்கு மருந்தைத் தோட்டத்து மருத்துவ உதவியாளரே வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தார்.

இதில் எங்களுக்குள்ளேயே இன்னும் ஒத்துப்போகவில்லை. "மரத்தடியில் போடவா இவ்வளவு செலவு பண்ணிப் போனோம்?" என்று எங்கள் சபை மூப்பர் ஒருவர் இன்றைக்கும் கேட்கிறார். அவர் கேட்பதில் நியாயம் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். எனக்கு மரத்தடி சரி என்று படுகிறது, அவ்வளவுதான்.

உதவியாளர் மாதம் ஒரு தடவை வாட்ஸ்அப்பில் பேசுவார். அந்த 190 ஆள் இரண்டு மாதம் ஒழுங்காகக் கிளினிக் போய்விட்டு இப்போது போகிறதில்லையாம், லயத்துக்கே போய்த் திட்டினாராம். மாத்திரை அனுப்பாதீர்கள், ரத்த அழுத்தம் பார்க்கிற மெஷினுக்குப் பெரிய கைப்பட்டை ஒன்று அனுப்புங்கள் என்று கேட்டார். இங்கே மூன்று கடை ஏறி இறங்கி வாங்கி அனுப்பினேன். கண்ணாடி இன்னும் நாற்பது வேண்டுமாம். கொழுந்துக் கணக்குப் பார்க்கிற கணக்கப்பிள்ளைக்குப் பிடிக்கவில்லையாம், அதனால் தபாலில் அனுப்பாமல் யாராவது வரும்போது கொடுத்துவிடச் சொன்னார்.

கூரை எப்படி இருக்கிறது என்று போன வாரம் கேட்டேன். பாஸ் போட்ட பக்கம் ஒரு சொட்டு இல்லை என்றார். நாங்கள் போட்ட பக்கத்தில், பள்ளத்து ஓட்டைகளைத் தார் வைத்து அடைத்தும் ஓர் இடத்தில் ஒழுகுகிறதாம். படம் அனுப்பியிருந்தார். ஒரு நீல வாளி, சுற்றி நாலு பிள்ளைகள், அதில் ஒன்று கையை நீட்டிச் சொட்டைப் பிடித்துக்கொண்டிருக்கிறது.